‘ரிட்டயர் ஆகாமலே கிராஜுவிட்டியா?’ - கப்பல் டூர் பில்லில் ஒளிஞ்சிருக்கும் டிப்ஸ் கணக்கு!

“நான் ரிட்டயர் ஆனப்போ கவர்ன்மென்ட் எனக்குக் கொடுத்தது கிராஜுவிட்டி. இவங்க என்னடான்னா நம்மகிட்ட கிராஜுவிட்டி கேக்கறாங்க?”

சிங்கப்பூரில் இருந்து கிளம்பின ஒரு சொகுசுக் கப்பலில், நாலாவது நாள் ராத்திரி, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா கேட்ட கேள்வி இது. அப்பா, அம்மா, தங்கச்சி, நான் என நாலு பேர். நாலு ராத்திரி. டிக்கெட் எடுக்கும்போது ஏஜென்ட், “சாப்பாடு, ரூம், ஷோ எல்லாம் சேர்த்து சார். உள்ளே போய் பர்ஸையே திறக்க வேணாம்” என்று சொல்லியிருந்தார். உண்மைதான், பர்ஸைத் திறக்கவில்லை. ரூம் சாவியா இருந்த கார்டையே எல்லா இடத்திலும் நீட்டினோம். அது எல்லாத்தையும் எழுதி வைத்துக்கொண்டது.

பில்லில் பெரிய வரி, கிராஜுவிட்டி. ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 18 டாலர். நாலு பேர், நாலு ராத்திரி... 288 அமெரிக்க டாலர். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால்கூட கிட்டத்தட்ட 26,000 ரூபாய். அப்பா நேரா கெஸ்ட் சர்வீஸ் கவுன்டருக்குப் போனார். “நாங்க யாருக்கும் டிப்ஸ் தர்றதா ஒத்துக்கலையே” என்றார். கவுன்டரில் இருந்த பெண் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஒரு ஃபார்மை நீட்டினார், அப்பா கையெழுத்துப் போட்டார், 288 டாலர் பில்லில் இருந்து காணாமல் போனது. எங்கள் ரூமைச் சுத்தம் செய்த பையன் கையில் அப்பா தனியா 20 டாலர் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டு சிரித்தான். நாங்களும் ஏதோ பெரிய மோசடியில் இருந்து தப்பிச்ச சந்தோஷத்தில் ஊர் வந்து சேர்ந்தோம்.

அந்த சந்தோஷம் மரக்காணம் வரைக்கும்தான்.

சம்பளத்தில் உப்பு இருக்கு

சென்னையில் இருந்து இ.சி.ஆரில் பாண்டிச்சேரிக்கு பைக்கில் போயிருந்தீர்கள் என்றால் மரக்காணத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ரோட்டோரம் பாத்தி பாத்தியாக உப்பளம், வெயிலில் கண் கூசும் வெள்ளைக் குவியல்கள். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யம் என்றால் அடுத்து வரும் உப்பு ஊர் இது. நிறைய பேர் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எங்களுக்கு அது அத்தை ஊர். அத்தை இருபது வருஷம் உப்பு வாரினவங்க.

அத்தை பையன் ஒரு வெளிநாட்டுக் கப்பலில் கேபின் ஸ்டூவர்ட். எட்டு மாசம் கடல், ரெண்டு மாசம் ஊர். நாங்கள் போனபோது லீவில் இருந்தான். திண்ணையில் உட்கார்ந்து நான் பெருமையாக 288 டாலர் கதையைச் சொன்னேன். அவன் முழுசாகக் கேட்டான். அப்புறம், “மாமா பண்ணது தப்புன்னு சொல்ல மாட்டேன் மச்சான். யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லல. ஆனா அது டிப்ஸ் இல்ல. அது எங்க சம்பளம்” என்றான்.

இந்த இடத்தில் ஒரு சின்ன இடைச்செருகல். ‘சம்பளம்’ என்ற சொல்லே சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாக அளந்து கொடுத்த காலத்தில் வந்தது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். உப்பளத்துக்காரங்க பையன் எனக்கு சம்பளம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது, அதுவும் கண்ணெதிரே உப்புக் குவியலை வைத்துக்கொண்டு!

அந்த 18 டாலர் எங்கே போகுது?

நம்ம ஊர் ஹோட்டலில் டிப்ஸ் என்றால் என்ன? சாப்பிட்டு முடித்ததும் பில் அட்டையில் சோம்போடு பத்தோ இருபதோ வைப்போம். சர்வர் நன்றாகக் கவனித்தாரா, கொஞ்சம் கூட. மூஞ்சியைக் காட்டினாரா, சில்லறையையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். அது நம்ம இஷ்டம். இஷ்டம் என்பதை அரசாங்கமே சொல்லியிருக்கிறது. ரெஸ்டாரன்ட்கள் பில்லில் தானாக சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம்தான் தீர்ப்பு சொன்னது. அப்பா கவுன்டரில் வாதாடினதும் இந்த நினைப்பில்தான்.

கப்பல் கதை வேறு. பெரிய அமெரிக்க க்ரூஸ் கம்பெனிகளின் கப்பல்கள் பல, பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. அந்த நாட்டுக் கொடி பறக்கும், அந்த நாட்டுச் சட்டம் செல்லும். அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி அங்கே பொருந்தாது. அதனால் ரூம் ஸ்டூவர்ட், டைனிங் ஹால் வெயிட்டர், அவருக்கு உதவியாளர் ஆகியோரின் அடிப்படைச் சம்பளத்தைக் கம்பெனி குறைவாக வைத்துவிட்டு, மிச்சத்தை ‘கிராஜுவிட்டி’ என்ற பெயரில் பயணிகள் பில்லுக்குத் தள்ளிவிடுகிறது. டிக்கெட் விலை விளம்பரத்தில் குறைவாகத் தெரியும். கடைசி நாள் பில்லில் சம்பளம் வந்து நிற்கும்.

ஒரு காலத்தில் இது ரொக்கமாக இருந்ததாம். கடைசி ராத்திரி ரூமில் கவர்கள் வைத்துவிடுவார்கள். ஸ்டூவர்டுக்கு ஒன்று, வெயிட்டருக்கு ஒன்று என்று பயணிகள் போட்டுக் கொடுக்க வேண்டும். கடைசி டின்னருக்கு மட்டும் டைனிங் ஹால் பக்கமே வராத பயணிகள் அப்போதே உண்டு என்று சிரித்தான் அத்தை பையன். அதனால்தான் தானாகப் பிடிக்கும் முறை வந்தது. இப்போது பெரிய கம்பெனிகளில் சாதாரண ரூமுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16-லிருந்து 20 டாலர் வரை. பெரிய சூட் ரூம் என்றால் இன்னும் ரெண்டு மூணு டாலர் கூட. பல கப்பல்களில் சின்னக் குழந்தைக்கும் அதே தொகைதான், தொட்டிலில் படுத்திருந்தாலும்!

“நீ கொடுத்த 20 டாலர் அந்தப் பையன் கைக்குப் போச்சு, சரி. ஆனா உன் பெட்ஷீட்டைத் துவைச்சவன் கீழ் டெக்ல இருக்கான். அவனை நீ பார்க்கவே மாட்டே. பஃபேல தட்டு எடுத்தவன், ராத்திரி ரெண்டு மணிக்குப் படிக்கட்டு துடைச்சவன்... அந்த 18 டாலரு இவங்க எல்லாருக்கும் பிரியுறது. மாமா கையெழுத்துப் போட்டதும் அவங்க பங்கு போச்சு.” சில கம்பெனிகளில் இன்னொரு விதியும் உண்டாம். கிராஜுவிட்டியை நீக்கிய ரூமில் இருந்து கையில் ரொக்கமாக எது வந்தாலும் அதை ஊழியர் பொதுக் கணக்கில் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பையன் ஏன் அப்படிச் சிரித்தான் என்பது எனக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது.

கப்பல் வேலை எப்படி என்று இன்ஸ்டா ரீல்ஸில் பார்த்தால் தினமும் ஒரு தீவு, தினமும் ஒரு பார்ட்டி மாதிரி இருக்கும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று 2006-ல் கொண்டுவந்த சர்வதேச ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. இந்தியா 2015-ல் அதில் சேர்ந்தது. அதன்படி ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், 7 நாளில் 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், வாரத்துக்கு 91 மணி நேரம் வேலைக்கு இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் கப்பலில் கிடையாது.

இந்த வேலைகளில் நம் ஆட்கள் எவ்வளவு இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு உதாரணம். 2020 பிப்ரவரியில் கொரோனா பரவி, ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பலை நிறுத்தி வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதில் 138 இந்தியர்கள் இருந்தார்கள். பயணிகள் எத்தனை பேர் தெரியுமா? 6 பேர். மிச்சம் 132 பேரும் ஊழியர்கள்.

அப்போ கம்பெனி பண்றது நியாயமா?

நியாயம் இல்லை என்பதுதான் என் கருத்து. வேலை வாங்குகிறவன் சம்பளம் தரணும். அதை விருந்தாளியின் மனசாட்சியில் தொங்கவிடுவது ஒரு வியாபார தந்திரம். வேறு மாதிரி நடத்த முடியாது என்றும் இல்லை. பிரிட்டனின் பி அண்ட் ஓ க்ரூஸஸ் 2019-லேயே தினசரி டிப்ஸை எடுத்துவிட்டு அதை டிக்கெட் விலைக்குள் கொண்டுவந்துவிட்டது. வர்ஜின் வாயேஜஸும் ஆரம்பத்தில் ‘டிப்ஸ் டிக்கெட்டுக்குள்ளேயே’ என்றுதான் விற்றது.

ஆனால், அந்தக் கோபத்தைக் கடைசி ராத்திரி கவுன்டரில் காட்டினால் கம்பெனிக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. கீழ் டெக்கில் துணி துவைக்கிறவருக்குத்தான் நஷ்டம். கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் புக்கிங். ரெண்டு கம்பெனியின் விலையை ஒப்பிடும்போது டிக்கெட்டை மட்டும் பார்க்காதீர்கள். டிக்கெட்டோடு போர்ட் சார்ஜ், கிராஜுவிட்டி, வரி எல்லாவற்றையும் கூட்டி, அந்தத் தொகையை ஒப்பிடுங்கள். விலை குறைவாகத் தெரிந்த கப்பல் அப்போது சில சமயம் விலை கூடியதாக மாறும். கிராஜுவிட்டியை முன்கூட்டியே கட்டும் வசதி இருந்தால் கட்டிவிடுங்கள். டூர் முடியும் நாளில் வயிறு எரியாது.

சர்வீஸ் உண்மையிலேயே மோசமாக இருந்தால்? அன்றைக்கே சொல்லுங்கள். ஏசி வேலை செய்யவில்லை, ரூம் சுத்தமாக இல்லை என்றால் ரெண்டாம் நாளே கவுன்டரில் சொன்னால் சரிசெய்ய நேரம் இருக்கும். கடைசி நாள் டிப்ஸை வெட்டுவதால் நம்ம ஏசி குளிரப் போவதில்லை.

கையில் தனியா கொடுக்கணுமா?

இது என் இன்பாக்ஸில் நண்பர்கள் அதிகம் கேட்டது. தானாகப் பிடிக்கும் கிராஜுவிட்டியைக் கட்டிவிட்டால் அதற்கு மேல் கட்டாயம் எதுவும் இல்லை. யாரும் முறைக்க மாட்டார்கள். அம்மாவுக்கு முட்டி வலி என்று தினமும் ஒரு தலையணை கூட வைத்த ஸ்டூவர்ட், உங்கள் வெஜிடேரியன் தட்டை ஞாபகம் வைத்துக்கொண்ட வெயிட்டர் என்று யாராவது மனசில் நின்றால், டூருக்கு மொத்தமாக 10, 20 டாலர் கொடுக்கலாம். சின்ன நோட்டாக மாற்றிக்கொண்டு போங்கள். 100 டாலர் நோட்டை வைத்துக்கொண்டு சில்லறை கேட்பது ரெண்டு பேருக்கும் சங்கடம்.

காசு இல்லையா? பயணம் முடிந்ததும் ஒரு சர்வே வரும். அதில் ஊழியர் பெயரை எழுதிப் பாராட்டுங்கள். “பேரோட வந்தா மேனேஜர் கூப்பிட்டுச் சொல்வாரு மச்சான். அடுத்த கான்ட்ராக்ட்டுக்கு அது பேசும்” என்றான் அத்தை பையன். அதனால் சட்டையில் இருக்கும் நேம் பேட்ஜை முதல் நாளே போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வே வரும்போது ‘அந்த உயரமான பையன்’ என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை.

பார், ஸ்பா ரெண்டிலும் கதை வேறு. அங்கே பில் போடும்போதே பொதுவாக 18 சதவிகிதம் சர்வீஸ் சேர்ந்துவிடும். தங்கச்சி குடித்த 10 டாலர் மாக்டெய்ல் பில்லில் 11.80. அதற்குக் கீழே ‘கூடுதல் டிப்ஸ்’ என்று ஒரு கோடு காலியாக இருக்கும். முதல் நாள் அவள் அதைக் கட்டாயம் என்று நினைத்து அதிலும் 2 டாலர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கோட்டைக் காலியாகவே விடலாம், தப்பே இல்லை.

கரையில் இறங்கினால் அந்தந்த ஊர் வழக்கம். சிங்கப்பூர் ரெஸ்டாரன்ட்களில் 10 சதவிகிதம் சர்வீஸ் சார்ஜ் பில்லிலேயே வந்துவிடும், தனியா வைக்கும் பழக்கம் இல்லை. இலங்கையிலும் ஹோட்டல் பில்லில் 10 சதவிகிதம் சாதாரணம். ஆனால் நாள் முழுக்க உங்களைச் சுற்றிக் காட்டிய வேன் டிரைவருக்கும் கைடுக்கும் அங்கே கையில் கொடுப்பதுதான் மரியாதை. ஜப்பானில் டிப்ஸ் நீட்டினால் ‘மறந்து வெச்சுட்டீங்க’ என்று பின்னாடியே ஓடி வந்து திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

போன்தான் முதல் எதிரி

டிப்ஸாவது ஒரு மனுஷனுக்குப் போகிறது. கப்பலில் நம்ம காசை நிஜமாகக் கரைப்பது போன்.

கரையை விட்டு விலகியதும் உங்கள் ஜியோ, ஏர்டெல் சிக்னல் போய்விடும். கொஞ்ச நேரத்தில் போனில் மறுபடியும் சிக்னல் கோடு தெரியும். அடடா, நடுக்கடலில் சிக்னலா என்று குஷியாகாதீர்கள். அது கப்பலுக்குள் இருக்கும் சாட்டிலைட் வழி செல்போன் நெட்வொர்க். சாதாரண இன்டர்நேஷனல் ரோமிங் பேக் பெரும்பாலும் அங்கே செல்லாது. நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப் பேக்கப்பும் போட்டோ சிங்க்கும் அமைதியாக ஓடினால், ஊருக்குத் திரும்பியதும் வரும் போன் பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடிப்பீர்கள். கப்பல் நகர ஆரம்பித்ததும் ஃப்ளைட் மோடில் போடுங்கள். வேண்டும் என்றால் வைஃபை மட்டும் ஆன் செய்துகொள்ளுங்கள். இந்த ஒரு வரியை அப்பா அம்மா போனிலும் நீங்களே செய்து கொடுங்கள், அவர்களிடம் சொன்னால் மட்டும் போதாது.

கப்பல் வைஃபை இப்போது முன்பைவிட எவ்வளவோ தேவலை. ஸ்டார்லிங்க் வந்த பிறகு வீடியோ கால்கூட ஓடுகிறது. விலைதான் ஓடவிடாது. ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு 20 டாலரைத் தொடுவது சகஜம். நாலு பேர் நாலு போனுக்கு வாங்காமல் ஒரு போனுக்கு மட்டும் வாங்கி, லாக் அவுட் செய்து மாற்றி மாற்றி உபயோகிக்கலாம். நாங்கள் அப்படித்தான் சமாளித்தோம். பல கப்பல்களில் டின்னர் புக்கிங், பில் பார்ப்பது போன்ற வேலைகளுக்குக் கப்பலின் ஆப் இலவசமாகவே வேலை செய்யும். அதைக் கிளம்புவதற்கு முன், வீட்டு வைஃபையில் டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். தினமும் ராத்திரி படுக்கும் முன் அந்த ஆப்பில் பில்லை ஒரு தடவை பாருங்கள். எங்கள் பில்லில் நாங்கள் குடிக்காத ஒரு காபி ரெண்டாம் நாளே ஏறியிருந்தது. கடைசி நாள் வரை யாரும் பார்க்கவில்லை.

மற்றபடி எது இலவசம், எது காசு என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. கூட்டமாகப் போய் சாப்பிடும் பஃபே, பெரிய டைனிங் ஹால், ஷோ, நீச்சல் குளம் இவை டிக்கெட்டில் சேர்ந்தவை. கதவில் ஆள் நின்று ‘ரிசர்வேஷன் இருக்கா?’ என்று கேட்டால் அது காசு. தனி ரெஸ்டாரன்ட், மது, ஸ்பா, கேசினோ, கரை சுற்றுலா எல்லாம் தனிக் கணக்கு. சிரிச்சு போஸ் கொடுக்கச் சொல்லி போட்டோ எடுக்கிறார்களே, எடுப்பது இலவசம். வாங்குவதுதான் காசு. தைரியமாகப் போஸ் கொடுங்கள், பிடித்திருந்தால் ஒன்றை வாங்குங்கள்.

தண்ணீர் பாட்டிலுக்குக் காசு. ஆனால் பஃபேயில் பிடிக்கும் தண்ணீர் இலவசம், நல்ல தண்ணீரும்கூட. காலி பாட்டில் ஒன்று கையோடு இருக்கட்டும். பஃபே காபி இலவசம், பக்கத்துக் கடையில் நுரை வைத்துத் தரும் காபிக்குக் காசு. அம்மா இது தெரிந்தோ என்னவோ எலெக்ட்ரிக் கெட்டிலை சூட்கேஸில் வைத்துக்கொண்டு வந்தார். சூடாகும் சாமான், தீ ஆபத்து என்று ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அயர்ன் பாக்ஸுக்கும் இதே கதிதான். வெந்நீர் பஃபேயிலேயே கிடைக்கும், சுக்கு காபிப் பொடியை மட்டும் எடுத்துப் போங்கள்.

மது குடிப்பவர்கள் அன்லிமிடெட் பேக்கேஜ் எடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். பல கம்பெனிகளில் ஒரு ரூமில் ஒருவர் எடுத்தால் அதே ரூமில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் எடுத்தாக வேண்டும். குடிக்கவே குடிக்காத நண்பனை ரூம்மேட்டாகப் போட்டுவிட்டு அவன் பங்கு பணத்தை எப்படிக் கேட்பது என்று முழிக்காதீர்கள்.

அப்புறம் கார்டு. ஏறும்போது ஒரு கார்டைப் பதிவு செய்யச் சொல்வார்கள். அதில் ஒரு தொகையை முன்கூட்டியே பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் உங்கள் சேமிப்புக் கணக்குப் பணமே சில நாள் பூட்டிக்கொள்ளும். கிரெடிட் கார்டோ, ஃபாரெக்ஸ் கார்டோ கொடுங்கள். ‘ரூபாயில் கட்டுகிறீர்களா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கப்பலின் கரன்சியிலேயே கட்டுங்கள். ரூபாய் என்று காட்டும் தொகையில் மாற்று விகிதம் பெரும்பாலும் அவர்களுக்கு லாபமாகத்தான் இருக்கும். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் என்றால் புக்கிங்கின்போதே டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள். அது போனது போனதல்ல, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சென்னையில் ஏறினால்?

சிங்கப்பூர் வரை போகாமலே க்ரூஸ் போகலாம். 2022 ஜூன் 4-ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தாரே, கார்டெலியாவின் ‘எம்ப்ரஸ்’, அந்தக் கப்பல்தான். 1990-ல் பிரான்சில் கட்டியது, முன்பு ராயல் கரீபியன் கம்பெனியிடம் இருந்தது. மேற்குக் கடற்கரையில் பருவமழை அடிக்கும் மாதங்களில் இது சென்னைப் பக்கம் வரும். 2023 ஜூனில் இங்கிருந்து இலங்கைக்கும் போனது. ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, அப்புறம் நம்ம ஆட்கள் அதிகம் ஆசைப்பட்ட காங்கேசன்துறை.

இதே கப்பல் 2022-ல் பாண்டிச்சேரிக்கு வரப் போனபோது, உள்ளே கேசினோ இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. 2025 ஜூலையில்தான் அங்கே வந்தது, அப்போதும் எதிர்ப்பு இருந்தது. கப்பலைக் கடலில் நிறுத்தி, பயணிகளைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சென்னை, பாண்டி கடல் வழி என்றால் நடுவில் மரக்காணம். “ராத்திரி தூரத்துல கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம் போகும்” என்கிறார் அத்தை. “இவன் இருக்கற கப்பலும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுப்பேன்.”

இங்கே ரூபாயில் பில் என்பது பெரிய நிம்மதி. ஆனாலும் விளம்பரத்தில் பார்த்த கேபின் விலையோடு நின்றுவிடாதீர்கள். போர்ட் சார்ஜ், கிராஜுவிட்டி, ஜிஎஸ்டி இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்று தேடிக் கூட்டிவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். கரையில் இறங்கி நீங்களே ஆட்டோ பிடித்துச் சுற்றினால் காசு மிச்சம்தான். ஆனால் கப்பல் ஏற்பாடு செய்த டூர் லேட் ஆனால் கப்பல் காத்திருக்கும், உங்கள் ஆட்டோவுக்காகக் காத்திருக்காது. கிளம்பும் நேரத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள்.

வேலைக்குப் போகணும்னு தோணுதா?

இதைப் படிக்கிறவர்களில் கேட்டரிங் முடித்துவிட்டு ‘நாமும் கப்பலில் சேர்ந்தா என்ன?’ என்று யோசிக்கிறவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். உப்பளத்தில் மழைக்காலம் வந்தால் வேலை நிற்கும். அந்த மாதங்களுக்குத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு தரும் உதவித்தொகை 5,000 ரூபாய். அப்படி ஒரு வீட்டில் இருந்து வரும் பையனுக்கு டாலர் சம்பளம் எவ்வளவு பெரிய கனவு என்று ஏஜென்ட்களுக்குத் தெரியும். அத்தை பையனிடம் முதலில் வந்த ஏஜென்ட் ரெண்டு லட்சம் கேட்டாராம். அத்தை தோட்டை அடகு வைக்கக் கிளம்பியே விட்டார். நல்லவேளை, கப்பலில் இருந்து வந்த ஒரு அண்ணன் தடுத்தார்.

வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடமோ, கப்பல் ஊழியரிடமோ பணம் வாங்குவதை மேலே சொன்ன அதே சர்வதேச ஒப்பந்தம் தடை செய்கிறது. மெடிக்கல் சர்டிஃபிகேட், பாஸ்போர்ட், மாலுமிகளுக்கான அடையாளப் புத்தகம் போன்றவற்றின் செலவு மட்டும்தான் உங்களுடையது. விசா செலவுகூட கப்பல்காரர் பாடு. இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தரும் ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் இருக்க வேண்டும். லைசென்ஸ் நம்பரைக் கேளுங்கள், இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். நம்பர் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். கான்ட்ராக்ட் கைக்கு வந்ததும் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, டிப்ஸில் இருந்து வரும் பங்கு எவ்வளவு, பயணிகள் டிப்ஸை வெட்டினால் அந்தப் பங்கு குறையுமா என்று மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

அன்றைக்குத் திண்ணையில் நாங்கள் பேசினதை அப்பா உள்ளே இருந்து கேட்டிருக்கிறார் போல. வெளியே வந்து எதுவும் சொல்லவில்லை. காரில் திரும்பி வரும்போது திண்டிவனம் தாண்டி, “அந்தத் துணி துவைக்கிறவன் பங்கு எவ்ளோ இருக்கும்?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ரெண்டு வாரம் கழித்து அத்தை பையன் கப்பலுக்குத் திரும்பும்போது ஏர்போர்ட்டுக்கு அப்பாவும் வந்தார். செக்யூரிட்டி வாசலில் அவன் கையில் நாலு 500 ரூபாய் நோட்டைச் சுருட்டித் திணித்தார்.

“என்ன மாமா, டிப்ஸா?” என்றான் அவன்.

“இல்லடா, கிராஜுவிட்டி. பாக்கி இருந்துச்சு” என்றார் அப்பா.